மோதிரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்

நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதை மேலிருந்துதான் பார்க்கிறார்கள். விற்பனையாளர் வெல்வெட் தட்டில் வைத்து நீட்டுவார். கடை விளக்கின் ஒளி கல்லில் பட்டுச் சிதறும். அந்த நிமிடமே மனம் முடிவெடுத்துவிடும். ஆனால் ஐந்து வருடம் கழித்தும் அந்தக் கல் விரலில் இருக்குமா என்பதைச் சொல்லும் இடம் மோதிரத்தின் பக்கவாட்டும் அடிப்பக்கமும்தான். கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, எத்தனை இடத்தில் பிடிபட்டிருக்கிறது, பிடிக்கும் உலோகம் எவ்வளவு தடிமன், உள்ளங்கைப் பக்கம் வளையம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

பழுதுக்கு வரும் மோதிரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: கல் உடைந்து வருவது குறைவு, கல் விழுந்து வெறுங்கூடாக வருவதுதான் அதிகம். வைரத்தைக் கீற வைரத்தால்தான் முடியும். அதைப் பிடித்திருக்கும் தங்கமோ நாள்தோறும் தேய்கிறது, வளைகிறது, துணியில் மாட்டி இழுபடுகிறது. பட்ஜெட் முழுவதையும் கல்லில் கொட்டிவிட்டு, கல்லைப் பிடித்திருக்கும் அமைப்பான பதிப்பில் அரை கிராம் தங்கத்தை மிச்சம் பிடிப்பது தவறான இடத்தில் செய்யும் சிக்கனம்.

கை என்ன வேலை செய்கிறது?

கல் எத்தனை சென்ட் (வைர எடையின் அலகான காரட்டில் நூறில் ஒன்று) என்று பேசுவதற்கு முன்னால், மோதிரம் எந்தக் கையில் ஏறப்போகிறது, அந்தக் கை நாள் முழுக்க என்ன செய்கிறது என்பதைப் பேசிவிடுங்கள். ஐரோப்பிய மோதிர வடிவங்கள் வந்த இடத்தில் கை கரண்டியும் முள்ளும் பிடிக்கும். நம் வலது கை சாதம் பிசையும் கை. உயரமான, திறந்த கூடு உள்ள மோதிரத்தை அந்தக் கையில் போட்டால் பருக்கை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், நெய்யும் எண்ணெயும் கல்லின் அடியில் படலமாகப் படியும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் நன்றாக ஒட்டும். அடிப்பக்கம் எண்ணெய் படிந்துவிட்டால் எவ்வளவு நல்ல பட்டை தீட்டிய கல்லும் கண்ணாடித் துண்டு போல மங்கித் தெரியும். ஆகவே வலது கையில் அணியும் வழக்கமுள்ள வீடு என்றால் தாழ்வான பதிப்பு, அடியில் எளிதாக பிரஷ் நுழையும் திறப்பு, இரண்டும் வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணின் வலது கை ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் வளையத்தின் அடிப்பாகத்தை அழுத்துகிறது. மெல்லிய வளையம் சில மாதங்களில் வட்டம் குலைந்து முட்டை வடிவமாகும். வட்டம் குலைந்தால் மேலே கல்லைப் பிடித்திருக்கும் பிடிகளின் இடைவெளியும் மாறும், கல் தளரும். செவிலியர், மருத்துவர், ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் என்றால் கையுறையைக் கிழிக்காத வழுவழுப்பான பதிப்பு வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் அப்படித்தான், நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும், குழந்தையின் கன்னத்தில் கோடு விழ. பட்டுப்புடவை அதிகம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சரியாக மழுங்கடிக்காத பிடி பட்டு இழையை இழுத்துவிடும், அதோடு பிடியும் கொஞ்சம் நிமிரும்.

உயரத்தை அளந்து பார்க்கலாம். விரலின் மேற்பரப்பிலிருந்து கல்லின் உச்சி வரை 5 முதல் 6 மில்லிமீட்டர் என்றால் தாழ்வான பதிப்பு. 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் கதவுக் கைப்பிடியிலும் கைப்பை வாரிலும் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு காரட் வட்ட வைரம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் ஆழமும் உள்ளது. அதன் கூர் அடி விரலில் படாமலிருக்க வேண்டுமென்பதால் ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. அரை காரட், அதாவது 50 சென்ட் என்றால் விட்டம் 5.1 அல்லது 5.2, ஆழம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 25 சென்ட் கல் 4.1 மில்லிமீட்டர். எடை இரண்டு மடங்காகும்போது விட்டம் கால் பங்குதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு காரட்டுக்குப் பதில் 90 சென்ட் கல்லை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் தடிமனான வளையமும் நல்ல பதிப்புக் கூலியும் கொடுத்தால் பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

22 காரட்டில் ஏன் செய்து தருவதில்லை

வீட்டுப் பெரியவர்கள் கடையில் முதலில் எழுப்பும் ஆட்சேபம் இது. "மோதிரம் என்றால் 22 காரட்டில்தானே இருக்கணும், 18 காரட் என்ன மாற்று?" நியாயமான கேள்விதான், பதிலும் நியாயமானது. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அது மென்மையானது. அதில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பிடி செய்து வைரத்தை நிறுத்தினால், எங்காவது மாட்டி இழுபட்ட முதல் நாளிலேயே பிடி நிமிர வாய்ப்புண்டு. 18 காரட்டில் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். அந்தக் கலப்புதான் பிடிக்குத் தேவையான விறைப்பைத் தருகிறது.

நம் பழைய நகைகளில் 22 காரட்டிலும், அதைவிட மாற்று கூடிய தங்கத்திலும் கல் வைத்திருக்கிறார்களே என்றால், அவர்கள் நான்கு பிடிகளை நம்பிக் கல்லை நிறுத்தவில்லை. கல்லைச் சுற்றிலும் தங்கத்தால் சுவர் எழுப்பி, அடியையும் மூடிப் பிடித்தார்கள். வைரத் தோடு, மூக்குத்தி, பேசரி எல்லாவற்றிலும் பார்க்கும் மூடிய பதிப்பு அதுதான், கடைகளில் குளோஸ் செட்டிங் என்பார்கள். மென்மையான தங்கத்துக்கு ஏற்ற, அறிவார்ந்த வழி. ஆகவே 22 காரட்தான் வேண்டும் என்று வீட்டில் உறுதியாக இருந்தால், சுற்றுச்சுவர் உள்ள பதிப்பைக் கேளுங்கள், பிடி வைத்த பதிப்பைக் கேட்காதீர்கள்.

மூடிய பதிப்பை மோதிரத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் ஒரு சிக்கல் உண்டு. காதும் மூக்கும் பாத்திரம் கழுவுவதில்லை. விரல் கழுவுகிறது. கல்லின் அடியில் பளபளப்புக்காக வைக்கும் மெல்லிய தகடு சோப்புத் தண்ணீர் புகுந்தால் கறுக்கும், கல் திட்டுத்திட்டாக இருண்டு தெரியும். பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். மேலும் அடி மூடியிருந்தால் கல்லின் நிறமும் உள்ளே இருக்கும் குறையும் கண்ணுக்குத் தெரியாது. மோதிரத்துக்குச் சுற்றுச்சுவர் இருக்கட்டும், அடி திறந்திருக்கட்டும். ராசிக்கல் மோதிரத்தில் கல் விரலைத் தொட வேண்டும் என்று அடியைத் திறந்து வைக்கச் சொல்லும் வழக்கம் எப்படியும் நம்மிடம் இருக்கிறது. நம்பிக்கை எதுவாக இருந்தாலும், கழுவுவதற்கு அந்தத் திறப்பு உதவும்.

வெள்ளைத் தங்கம் கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். அதன் பளிச்சென்ற வெண்மை மேலே பூசியிருக்கும் ரோடியம் பூச்சு. தினமும் அணிந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் பூச்சு தேய்ந்து லேசான மஞ்சள் எட்டிப்பார்க்கும், திரும்பப் பூச வேண்டும். கலப்பில் நிக்கல் இருந்தால் சிலருக்கு விரல் அரிக்கும். கவரிங் நகை போட்டாலே காது புண்ணாகிறவர்கள் பல்லாடியம் கலந்த வெள்ளைத் தங்கம் கேட்கலாம், இல்லையென்றால் பிளாட்டினம். 950 பிளாட்டினத்தில் (ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம்) பூச்சுத் தொல்லை கிடையாது. அதே மோதிரம் 18 காரட் தங்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடும். பிளாட்டினத்தில் கீறல் விழும், ஆனால் உலோகம் அரைபட்டுப் போவது குறைவு, ஒரு பக்கமாக ஒதுங்கும், அவ்வளவுதான். அதனால் பிடிகள் நெடுநாள் தாங்கும். ஆனால் எல்லா ஊர்ப் பட்டறையிலும் பிளாட்டினத்தைப் பற்றவைக்க முடியாது. அளவு மாற்ற எங்கே போவீர்கள் என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பிடிகள்: நான்கா, ஆறா?

கல்லைச் சுற்றி எழும்பி, அதன் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் சிறு கம்பிகளைக் கடையில் பிராங் என்பார்கள். ஒற்றைக் கல் மோதிரத்தின் புகழ்பெற்ற வடிவம் ஆறு பிராங் கொண்டது. 1886இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் அறிமுகப்படுத்தியது. கல்லை வளையத்திலிருந்து மேலே தூக்கி, எல்லாப் பக்கமும் வெளிச்சம் புகும்படி வைத்ததுதான் அதன் புதுமை. இன்று கடையில் பார்க்கும் ஒற்றைக் கல் மோதிரங்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

நான்கு பிராங் வைத்தால் கல் அதிகம் தெரியும், வட்டக் கல் சற்றே சதுரமாகத் தோன்றும். ஒரு பிராங் போய்விட்டால் மீதி மூன்றால் கல்லை நிறுத்த முடியாது, எந்த நேரமும் வெளியே வழுக்கிவிடும். ஆறில் ஒன்று போனால் மற்ற ஐந்தும் பட்டறைக்குப் போகும் வரை பிடித்துக்கொள்ளும். 50 சென்டுக்குக் கீழே நான்கு போதும், ஆறு வைத்தால் கல்லைவிடத் தங்கம்தான் தெரியும். முக்கால் காரட்டுக்கு மேல், தினமும் அணியும் மோதிரத்துக்கு ஆறுதான் சரி.

எண்ணிக்கையைவிடத் தடிமன் முக்கியம். அரை காரட் கல்லுக்கு பிராங் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு காரட்டுக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்குச் சற்று மேலும் இருக்கலாம். கணினியில் வரைந்த படத்தில் மெல்லியதாக இருப்பதுதான் அழகாகத் தெரியும், ஆனால் மெருகு போடும்போது அந்தத் தடிமனிலும் கொஞ்சம் அரைபட்டுப் போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பிராங்கின் உட்பக்கத்தில் கல் உட்கார ஒரு சிறு பள்ளம் வெட்டுவார்கள். அந்த வெட்டு பிராங்கின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நல்ல கை. பாதியைத் தாண்டி வெட்டிவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். வார்ப்பில் காற்றுக்குமிழி விழுந்திருந்தாலும் அப்படித்தான். ஊசி குத்தியது போன்ற புள்ளி பிராங்கிலோ அதன் வேரிலோ தெரிந்தால் அந்த மோதிரத்தை வாங்காதீர்கள். மெருகு போட்டு மறைக்கலாம், பலப்படுத்த முடியாது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் எல்லா வைரக் கடையிலும் இருக்கும், தயங்காமல் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிராங்கின் நுனி கல்லின் மேல் படிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நுனிக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தால் பதிப்பு சரியில்லை. எல்லா நுனியும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கல்லின் மேற்பரப்பு வளையத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள், சாய்ந்திருந்தால் ஒரு பிராங்கில் வெட்டு ஆழமாக விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு பஞ்சை எடுத்து மோதிரத்தின் மேல் எல்லாத் திசையிலும் தடவுங்கள். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பட்டுப்புடவையும் மாட்டும்.

கூர்முனை உள்ள கற்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வைரம் கடினமானதுதான், ஆனால் சில திசைகளில் விறகு பிளப்பது போலப் பிளந்துவிடும். சதுரப் பிரின்சஸ் வெட்டின் நான்கு மூலைகள், நீர்த்துளி வடிவத்தின் கூர், படகு வடிவ மார்க்கீஸின் இரண்டு முனைகள் ஆகியவை முதலில் அடிபடும் இடங்கள். அங்கே வட்டக் கம்பி போதாது, ஆங்கில வி எழுத்துப் போல் முனையை இரு பக்கமும் அணைக்கும் பிராங் வேண்டும். அது இல்லாத நீர்த்துளி மோதிரத்தை எவ்வளவு சலுகை கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

கூடு வளையத்தோடு சேர்ந்து ஒரே வார்ப்பாக வந்ததா, தனியாகச் செய்து பற்றவைத்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பற்றவைத்ததே தவறு என்றில்லை. ஆனால் ஒரே ஒரு முளையில், ஒரே ஓர் ஒட்டில் கூடு நின்றால் அந்த ஒட்டு விட்டதும் கூடும் கல்லும் சேர்ந்தே போகும். இரு பக்கமும் வளையத்திலிருந்து தோள் போல எழும்பி வந்து கூட்டைத் தாங்கினால் அந்தப் பயம் இல்லை.

சுற்றுச்சுவர் வைத்த பதிப்பு

பெசல் என்று கடையில் சொல்வது இதைத்தான். மெல்லிய தங்கச் சுவர் கல்லின் விளிம்பு முழுவதையும் சுற்றி அணைத்திருக்கும். வேலை செய்யும் கைக்கு இதைவிட நல்லது கிடையாது என்பதே எங்கள் எண்ணம். துணியில் மாட்டாது, கையுறை கிழிக்காது, கல்லின் விளிம்பு அடிபடாது. பட்டு இழையும் பிழைக்கும். சுவரில் வெளிச்சம் மறைந்து கல் மங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். வைரத்துக்குள் புகும் ஒளியில் பெரும்பகுதி மேற்பரப்பு வழியாகப் புகுந்து, மேற்பரப்பு வழியாகவே திரும்புகிறது. பட்டை நன்றாக இருந்தால் பெசலில் மினுமினுப்புக் குறைவது கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. பட்டை சரியில்லாத கல் பிராங்கிலும் மங்கலாகத்தான் இருக்கும்.

கவனிக்க வேண்டியது சுவரின் நிறம். மஞ்சள் தங்கச் சுவர் வெள்ளைக் கல்லுக்குள் மஞ்சளைப் பிரதிபலிக்கும். டி, இ, எஃப் போன்ற, மஞ்சள் சாயலே இல்லாத உயர்நிறத் தரக் கல்லுக்கு விலை கொடுத்துவிட்டு மஞ்சள் சுவருக்குள் வைப்பது வீண். அப்படிப்பட்ட கல்லுக்கு வளையம் மஞ்சளாகவும் சுவர் மட்டும் வெள்ளைத் தங்கமாகவும் செய்யலாம். ஜே, கே நிறக் கல்லுக்கு மஞ்சள் சுவர் பொருத்தமாகவே இருக்கும், லேசான மஞ்சள் தனியே தெரியாது. சுவரை வளைத்து மூட கல் பதிப்பவர் சுற்றிலும் அழுத்தம் கொடுக்கிறார். அந்த அழுத்தத்தில் மெல்லிய விளிம்புள்ள கல்லும் மரகதமும் விரிசல் விடக்கூடும். அந்த வேலை தேர்ந்த கைக்கே போக வேண்டும்.

சுற்றிலும் சிறு கற்கள்

நடுக்கல்லைச் சுற்றிச் சிறு கற்களை வளையமாக வைப்பதை ஹேலோ என்கிறார்கள். 50 சென்ட் கல்லைச் சுற்றி 1.3 மில்லிமீட்டர் கற்கள் வைத்தால் மொத்த விட்டம் 8 மில்லிமீட்டரைத் தொடும், பார்வைக்கு ஒரு காரட்டுக்கு மேல் போலத் தெரியும். 1.3 மில்லிமீட்டர் வைரம் ஒன்றின் எடை சுமார் ஒரு சென்ட். வளையத்தின் தோள் நெடுகச் சிறு கற்கள் பதித்தால் அது பாவே. இரண்டும் கண்ணைப் பறிக்கும், பழுதுக்கு அதிகம் வருபவையும் இவையே.

காரணம் எளிது. ஒவ்வொரு சிறு கல்லையும் பிடித்திருப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தங்க மணிகள். பக்கத்துப் பக்கத்துக் கற்கள் ஒரே மணியைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒரு மணி தேய்ந்தால் இரண்டு கற்கள் தளரும். கம்பி நாரால் பாத்திரம் தேய்ப்பது, உரல் கல்லில் கை உரசுவது, ஜிம்மில் இரும்புக் கம்பி பிடிப்பது எல்லாம் அந்த மணிகளைத்தான் முதலில் அரிக்கும். பாவே வேண்டுமென்றால் வளையத்தின் மேல்பாதியோடு நிறுத்துங்கள், உள்ளங்கைப் பக்கம் வெறும் தங்கமாக இருக்கட்டும். வளையம் முழுக்கக் கல் வைத்த மோதிரத்தை அளவு மாற்றவே முடியாது. மேல்பாதி மட்டும் வைத்ததையும் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்கினால் வளைவு மாறி, கற்கள் உட்கார்ந்த குழிகள் வாய் பிளந்துகொள்ளும்.

பாவே மோதிரத்துக்குப் பக்கத்து விரலில், அல்லது அதே விரலில், பழைய நெளி மோதிரமோ வங்கி மோதிரமோ போட்டிருந்தால் வைரத்தின் ஓரம் 22 காரட் தங்கத்தை அரம் போல அறுக்கும். பாட்டி கொடுத்த நெளியில் பள்ளம் விழுந்த பிறகு வருந்திப் பயனில்லை.

விலை குறைந்த ஹேலோ மோதிரங்களில் சிறு கற்களை மெழுகு அச்சிலேயே பதித்து, அப்படியே உருகிய தங்கத்தை ஊற்றி வார்ப்பதும் உண்டு. கூலி மிகக் குறையும். அப்படி வார்த்த கல்லில் ஒன்று விழுந்தால் வேறு கல்லைப் பதிக்க மணிகள் இருக்காது, புதிதாக வெட்டி எழுப்ப வேண்டும். கையால் பதித்ததா, மெழுகில் பதித்ததா என்று நேராகக் கேளுங்கள். சொல்ல வேண்டியது கடையின் கடமை.

மாப்பிள்ளை மோதிரம்

இதில் தயங்க ஒன்றுமில்லை. கல்லை வளையத்தின் உடலுக்குள்ளேயே புதைத்து, மேற்பரப்போடு சமமாக நிறுத்தும் பதிப்பைக் கேளுங்கள். 10 சென்ட் கல்லுக்கு வளையம் அந்த இடத்தில் 2 மில்லிமீட்டராவது தடிமன் இருக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் அடி விரலைக் குத்தும். லேத், மில்லிங் இயந்திரம், மின் இணைப்பு, வண்டி பழுது போன்ற வேலைகளில் இருப்பவர் வேலை நேரத்தில் மோதிரமே போடக் கூடாது. மோதிரம் எங்காவது மாட்டி உடல் எடை இழுத்தால் விரலே போகும். ஓடும் பேருந்தில் தாவி ஏறுவது, சுற்றுச்சுவரைப் பிடித்துக் குதிப்பது இரண்டிலும் அதே ஆபத்து உண்டு. வீட்டில் புனிதமாக நினைத்தால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும், இயந்திரத்துக்கு அருகில் அதையும் கழற்றிவிடட்டும்.

வைரம் இல்லையென்றால்

மாணிக்கமும் நீலமும் கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் இருப்பவை. மோஸ் அளவில் 9. பிராங்கில் தாராளமாக வைக்கலாம். மரகதம் 7.5 முதல் 8 வரைதான். இயற்கையிலேயே உள்ளே விரிசல்கள் கொண்டது, அவற்றை மறைக்கப் பெரும்பாலும் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். பெசல் தவிர வேறு எதிலும் தினசரி மோதிரமாகப் போட வேண்டாம். வெந்நீர், ஒலி அலையால் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரம், பட்டறை நெருப்பு மூன்றும் மரகதத்துக்கு ஆகாது. முத்து 2.5 முதல் 4.5 வரை. கை கழுவும் சோப்பே அதன் மெருகைக் கெடுக்கும். விழாவுக்குப் போடலாம், அன்றாடத்துக்கு வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் மாணிக்கம் சிலவற்றில் விரிசலைக் கண்ணாடி நிரப்பி அடைத்திருப்பார்கள். அளவு மாற்றும்போது நெருப்பும் அமிலமும் பட்டதும் அது வெளுத்துச் சிதைந்துவிடும். எந்தக் கல் என்பதை பில்லில் எழுதி வாங்கினால்தான் பிறகு பழுது பார்க்கும் ஆசாரி எச்சரிக்கையாக இருக்க முடியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரமேதான், பதிப்பு விஷயத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. கல்லின் விலை குறைவு என்பதற்காக மோதிரத்தை மெலிதாகச் செய்யச் சம்மதிக்காதீர்கள்.

கல்லைத் தனியே பாருங்கள்

வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, பதிப்பதற்கு முன் கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அந்த வழக்கத்தால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. கல் தனியாக இருக்கும்போதுதான் அதைச் சரியாக எடை போட முடியும், விளிம்பில் சில்லு இருக்கிறதா என்று பார்க்க முடியும். பதித்த பிறகு எடை என்பது அளவை வைத்துப் போடும் மதிப்பீடுதான். சான்றிதழ் உள்ள வைரத்தின் விளிம்பில் பெரும்பாலும் லேசரில் எண் பொறித்திருப்பார்கள். பதிக்கும் முன் லென்ஸில் அந்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். பெசலில் வைத்துவிட்டால் எண் உள்ளே மறைந்துவிடும். பிராங் என்றால், எண்ணின் மேல் பிராங் வராமல் கல்லைத் திருப்பி வைக்கச் சொல்லலாம். செலவில்லாத வேலை, சொன்னால் செய்வார்கள்.

செய்யக் கொடுத்தால் மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மெழுகிலோ பிசினிலோ மாதிரி எடுத்துத் தரச் சொல்லி விரலில் போட்டுப் பாருங்கள். உயரம், அகலம், பக்கத்து விரலில் உரசல் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வார்த்த பிறகு மாற்ற இடம் குறைவு. வளையத்தின் அடிப்பாகம் குறைந்தது 2 மில்லிமீட்டர் அகலமும் 1.5 மில்லிமீட்டர் தடிமனும் இருக்கட்டும். எடையைக் குறைத்துக் காட்ட அங்கேதான் முதலில் கை வைப்பார்கள்.

விரல் அளவை நூல் சுற்றி எடுக்க வேண்டாம், நூல் நீளும். கடையில் உள்ள அளவு வளையங்களைப் போட்டு எடுங்கள். காலையில் விரல் மெலிந்திருக்கும், வெயில் நேரத்தில் உப்பியிருக்கும். இரண்டு வேளை எடுத்து நடுவில் உள்ளதைக் கொள்ளுங்கள். கணு பருத்த விரல் என்றால் கணுவைத் தாண்டுகிற அளவுதான் வேண்டும். வளையம் 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் என்றால் ஓர் அளவு கூட்டுங்கள். நம் கடைகளின் எண் அநேகமாக உள்சுற்றளவை மில்லிமீட்டரில் அளந்து 40 கழித்தது. 52 மில்லிமீட்டர் சுற்றளவு என்றால் 12ஆம் எண். மோதிரம் ஆச்சரியத்துக்காக ரகசியமாக வாங்குவதென்றால், அவர் அதே விரலில் போடும் பழைய மோதிரத்தின் உட்பக்கத்தை அளந்து கொண்டுபோங்கள்.

பில்லில் மூன்று எடைகள் தனித்தனியே இருக்க வேண்டும்: மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை. தங்கத்துக்குச் சொல்லும் காரட் தூய்மையைக் குறிக்கும், கல்லுக்குச் சொல்லும் காரட் எடையைக் குறிக்கும். ஒரு காரட் 0.2 கிராம், ஒரு சென்ட் அதில் நூறில் ஒன்று. மோதிரம் மொத்தம் 4.120 கிராம், வைரம் 50 சென்ட் என்றால் கல் எடை 0.100, தங்கம் 4.020 கிராம். தங்கத்துக்கான விலையும் சேதாரமும் 4.020க்குத்தான் போட வேண்டும், அதுவும் அன்றைய 18 காரட் விலையில். 22 காரட் விலையைப் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம்.

வளையத்தின் உட்பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரை, 18கே750 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனி அடையாளக் குறியான எச்.யு.ஐ.டி. மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறிலக்கக் குறியோடுதான் ஹால்மார்க் நகையை விற்கலாம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். அது தங்கத்துக்கு மட்டுமான சான்று, கல்லுக்கு அல்ல. பின்னால் அளவு மாற்றக் கொடுக்கும்போது அந்தக் குறி உள்ள இடத்தை வெட்டாமல் வேறு பக்கம் வெட்டச் சொல்லுங்கள். திரும்ப விற்கும்போதும் மாற்றும்போதும் கல்லுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள்.

அணியத் தொடங்கிய பிறகு

மாதத்துக்கு இரண்டு முறை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு வைர மோதிரத்தை இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு குழந்தைகளுக்கான மிருதுவான டூத் பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேலே தேய்ப்பதைவிட அடியில் தேய்ப்பதில்தான் பலன். கிண்ணத்தில் வைத்தே செய்யுங்கள், திறந்த சிங்க்கில் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசலும் நீச்சல் குளத்துக் குளோரினும் தங்கக் கலப்பைத் தாக்கும், வெள்ளைத் தங்க பிராங்கில் விரிசலே விழக்கூடும். கழிவறை கழுவும்போதும் நீந்தும்போதும் கழற்றி வையுங்கள். எண்ணெய்க் குளியலுக்கும் மருதாணி வைக்கும் நாளுக்கும் கழற்றுவது நல்லது. பற்பசையால் தேய்க்காதீர்கள், வைரத்துக்கு ஒன்றுமாகாது, தங்கம் மெருகிழக்கும்.

மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கிணுகிணு என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது. எது என்று தெரியாவிட்டால் ஊசி முனையால் ஒவ்வொன்றையும் பட்டும் படாமலும் தள்ளிப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து பிராங்குகளைச் சரிபார்ப்பதைப் பல கடைகள் இலவசமாகவே செய்கின்றன. பிராங்கின் நுனி தேய்ந்து தட்டையாகிவிட்டால் புதிதாகத் தங்கம் ஏற்றி நுனி கட்ட முடியும். கல் விழுவதற்கு முன்னால் செய்தால் சில ஆயிரம், விழுந்த பிறகு கல்லின் விலை.

ஆடுகிறது என்று தெரிந்ததும் மோதிரத்தைக் கழற்றிச் சிறு ஜிப் பையில் போட்டு மூடுங்கள், கல் கழன்றாலும் பைக்குள்ளேயே கிடக்கும். கல் விழுந்துவிட்டது என்று கவனித்தால் அந்த இடத்தைப் பெருக்காதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றுங்கள், வைரம் தானே மின்னிக் காட்டும். அன்று உடுத்திய துணியை உதறாமல் வெள்ளை வேட்டி ஒன்றின்மேல் விரித்துத் தேடுங்கள். பாத்திரம் கழுவும்போது என்றால் உடனே குழாயை மூடி, சிங்க்கின் அடியில் வளைந்திருக்கும் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, மரையைக் கையால் திருகிக் கழற்றுங்கள். வைரம் தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனம், பெரும்பாலும் அந்த வளைவிலேயே தங்கி இருக்கும்.